ஏழு லிட்டர் தண்ணீர்

அமெரிக்காவில் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்ற நெடுந்தூர நடைபாதையில் நடந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் பனிமலைக் கதைகளைத்தான் சொல்வார்கள். எனக்கு மனதில் நிற்பது சான் ஃபெலிப்பே மலைச்சரிவில் நடந்த ஒரு மே மாத நாள். மெக்சிகோ எல்லையில் இருக்கும் கேம்போவில் தொடங்கி கனடா எல்லை வரை 2,650 மைல் போகிற பாதை அந்த டிரெயில், அதில் முதல் 700 மைல் தெற்குக் கலிஃபோர்னியாவின் பாலைவனப் பகுதி. பாலைவனம் என்றதும் மணல்மேடுகளை நினைக்க வேண்டாம். கல், கள்ளி, ஏறி இறங்கும் வறண்ட மலைகள், அவ்வளவுதான்.

77வது மைலில் இரண்டு சாலைகள் சந்திக்கும் இடத்துக்கு சிசர்ஸ் கிராசிங் என்று பெயர். அங்கிருந்து கிளம்பினால் 101வது மைலில் பேரல் ஸ்பிரிங் ஊற்று வரும்வரை இயற்கையாக ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. 24 மைல், ஏறக்குறைய 39 கிலோமீட்டர். நடுவில் 91வது மைலில், பாதையில் வரும் மூன்றாவது வேலிக்கதவுக்குப் பக்கத்தில், தன்னார்வலர்கள் குடிதண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். ஆனால் அதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. நமக்கு முன்னால் போனவர்கள் எடுத்துத் தீர்த்திருந்தால் என்ன செய்வது?

அதனால் ஏழு லிட்டர் சுமந்தேன். ஏழு கிலோ. சாப்பாடு, கூடாரம், தூங்கும் பை எல்லாம் அதற்கு மேல். கிளம்பும் முன்பே வயிறு கொள்ளும் அளவுக்குக் குடித்துவிட்டு, நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு காலை நாலரைக்கு நடக்கத் தொடங்கினேன்.

அந்தச் சரிவில் பாதை மலையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் போய்ப் போய் வெளியே வரும். இரண்டு மணி நேரம் நடந்து திரும்பிப் பார்த்தால், விட்டுவந்த சாலை கீழே கை நீட்டினால் எட்டுகிற மாதிரி கிடக்கும். வெயில் ஏறும் முன் ஒக்கோட்டியோ செடிகளைப் பார்க்க வேண்டும். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கிற முள்குச்சிகள், நுனியில் மட்டும் செக்கச்செவேலென்று பூ. மழை பெய்தால் சில நாளில் இலை விடும், காய்ந்தால் உதிர்த்துவிடும்.

எட்டு மணி வாக்கில் சாக்ஸைக் கழற்றிக் காலை உலர்த்தலாம் என்று ஒரு கல்லில் உட்கார்ந்தேன். கால் ஈரமாகவே இருந்தால் கொப்புளம் நிச்சயம். எழுந்தபோது கெண்டைக்காலில் சுருக்கென்றது. கோழிமுட்டை அளவு சோய்யா கள்ளித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் முள்முனையில் தூண்டில் மாதிரி பின்னோக்கிய கொக்கிகள் உண்டு, கையால் பிடுங்கினால் விரலிலும் ஏறிவிடும். சீப்பை எடுத்துத் தோலுக்கும் துண்டுக்கும் நடுவில் செருகி ஒரே நெம்பு. துண்டு தெறித்து விழுந்தது, முறிந்து நின்ற ஒன்பது முட்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். பாலைவனத்துக்குப் போகிற யாரும் சீப்பை மறக்காதீர்கள்.

பத்தரைக்கு மேல் நடக்க முடியவில்லை. ஒரு பாறை ஓரம் ஒடுங்கி, வெள்ளி நிறக் குடையைச் சாய்த்துக் கட்டி நாலு மணி வரை படுத்துக் கிடந்தேன். மீதி நாலு லிட்டர். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலை சுற்றும், குமட்டும், இன்னும் மோசமாகவும் ஆகலாம், அதனால் உப்புக் கடலையைக் கொறித்துக்கொண்டே குடித்தேன். தண்ணீர் குறையக் குறைய முதுகு லேசாகும், மனது கனக்கும். அன்று முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்தேன்.

கிளம்பும்போது ஓர் இளைஞர் பின்னால் வந்தார். உதடு வெடித்திருந்தது. இரண்டே லிட்டரோடு கிளம்பி, வேலிக்கதவுத் தண்ணீரை நம்பி வந்திருக்கிறார், கையிலிருந்தது எப்போதோ தீர்ந்துவிட்டது. அரை லிட்டரை ஊற்றிக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் மனதுக்குள் கணக்குப் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் சேர்ந்தே நடந்தோம், அவர் முன்னால், நான் பின்னால், அவர் நடை தள்ளாடுகிறதா என்று பார்த்தபடி.

இருட்டும் முன் மூன்றாவது கதவு வந்தது. பக்கத்துச் சிறு பாதையில் கொஞ்சம் இறங்கிப் போனால், அடுக்கி வைத்த கேன்கள். தண்ணீர் இருந்தது! பேரல் ஸ்பிரிங் வரை தேவையானதை மட்டும் எடுங்கள், பின்னால் வருகிறவர்களுக்கு விட்டுவையுங்கள் என்று எழுதியிருந்தது. இந்த மலைக்கு இத்தனை கேன்களையும் யாரோ சம்பளம் இல்லாமல் தூக்கி வந்திருக்கிறார்கள். அந்த இளைஞர் மூன்று லிட்டர் எடுத்தார். என்னிடம் ஒன்றேமுக்கால் இருந்தது, பத்து மைலுக்கு ஓரளவு போதும். ஆனாலும் இரவும் இருக்கிறதே என்று ஒரு லிட்டர் பிடித்துக்கொண்டேன்.

இரவு நன்றாகக் குளிர்ந்தது. அவர் கொஞ்ச தூரத்தில் கூடாரம் கூடப் போடாமல் படுத்துத் தூங்கிவிட்டார். காற்றடிக்கும்போதெல்லாம் வேலிக்கதவின் சங்கிலி கலகலத்தது. நான் பாட்டிலைத் தலைமாட்டில் நிறுத்தி, நாலு மணிக்கு அலாரம் வைத்தேன்.