0.2 மில்லிமீட்டர்

"0.7 கேஸ்கெட்டே போடுங்கண்ணே, நான் பார்த்துக்கிறேன்" என்றார் எஞ்சின் சொந்தக்காரர். பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் தகடுதான் கேஸ்கெட்; 0.7 என்பது அதன் தடிமன், மில்லிமீட்டரில். நான் 0.9 போட்டேன். சொல்லிவிட்டுத்தான் போட்டேன். அவர் சம்மதித்தாரா, பேசிச் சலித்துப்போய் விட்டுவிட்டாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

கணக்கில் எங்களுக்குள் தகராறே இல்லை. பிளாக்கின் டெக் உயரத்தில் (கிராங்க் நடுவிலிருந்து பிளாக்கின் மேல்தளம் வரை) பாதி ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தில் பாதி), பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடின் நீளம், பிஸ்டனின் கம்ப்ரஷன் உயரம் (பின் நடுவிலிருந்து பிஸ்டன் தலை வரை) மூன்றையும் கழித்தால் உச்சியில் பிஸ்டன் மேல்தளத்துக்கு எவ்வளவு கீழே நிற்கும் என்று தெரியும். இறுக்கிய பிறகு கேஸ்கெட்டுக்கு இருக்கும் தடிமனை அதோடு கூட்டினால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி. பிஸ்டன் கீழே நிற்கும் அளவு காகிதத்தில் அவருக்கு வந்தது 0.15. அளவு காட்டும் டயல் கேஜை, பிஸ்டனை ராடோடு கோக்கும் பின்னுக்கு நேர்மேலே வைத்துப் பார்த்ததில் மூன்று சிலிண்டரில் அதே 0.15, ஒன்றில் 0.12. 0.7 கேஸ்கெட் போட்டால் அந்த ஒன்றில் 0.82தான். ஸ்டீல் ராடுக்கு 1 மில்லிமீட்டரை ஒட்டி வைப்பது வழக்கம். அதற்குக் குறைத்தும் ஓட்டுகிறார்கள், ஓடவும் செய்கிறது. அவர் சொன்னதும் அதைத்தான்.

ஆனால் அது ஃபோர்ஜ்டு பிஸ்டன், அதாவது உலோகத்தை அடித்து உருவாக்கியது. சிலிண்டர் சுவரோடு இடைவெளி தாராளம். ஓர் ஓரத்தை விரலால் அழுத்தினேன், எதிர் ஓரம் 0.1 எழும்பியது. மிச்சம் 0.72. அவரோ 8,000 ஆர்பிஎம் வரை போவேன் என்கிறார். 86 ஸ்ட்ரோக்கில் அது விநாடிக்குச் சராசரி 23 மீட்டர் வேகம். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதைத் தடுக்க அழுத்தம் எதுவும் இருக்காது. ராட் நீளும், பேரிங் இடைவெளியும் மேல்நோக்கிச் சேர்ந்துகொள்ளும்; பிஸ்டன் ஹெட்டை இன்னும் நெருங்கும். எவ்வளவு என்று அளந்து காட்டத்தான் என்னிடம் வழியில்லை.

சிலிண்டர் விட்டம், அதாவது போர், 86 மில்லிமீட்டர்; அதில் 0.2 என்பது 1.16 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 11-லிருந்து 10.8-க்கு இறங்கியது. அது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஸ்க்விஷ், அதாவது ஓரத்தில் நசுங்கும் கலவை நடுவுக்குப் பீய்ச்சப்படுவது, அதுதான் உறுத்துகிறது. ஓரத்து இடைவெளி கூடினால் கலவை கலங்குவது குறையும், நாக் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) வர இடம் கிடைக்கும். இப்போது முழு லோடில் லேசாக நாக் வருகிறதாம். இக்னிஷனை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, 2 டிகிரி பின்தள்ளி ஓட்டுகிறார். பெட்ரோலாக இருக்கலாம், உள்ளே போகும் காற்றின் சூடாக இருக்கலாம். கம்ப்ரஷன் இறங்கியதால் நாக் குறைந்திருக்க வேண்டும் என்றும் வாதாடலாம்; வாதாடியும் பார்த்துவிட்டேன், மனது ஒப்பவில்லை.

"நல்லா ஓடுதுண்ணே" என்றுதான் சொல்கிறார். அவர் குறை சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

வால்வ் ஸ்பிரிங் மாற்ற ஹெட்டைக் கழற்றப்போகிறார். பிஸ்டன் ஓரத்தை முதலில் பார்க்க வேண்டும். அங்கே கரி படியாமல் பளிச்சென்று இருந்தால் ஸ்க்விஷ் வேலை செய்கிறது. கருத்திருந்தால் மறுபடி 0.7 கேட்பார். அப்போதும் முடியாது என்றுதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். முன்பு சொன்ன உறுதியோடு சொல்வேனா தெரியவில்லை.