வானத்துக் காந்தம்

கிறில் பட்டறை வாசலில் மருமகன் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மண்ணில் உருட்டி எடுத்தான். இரும்புத்தூள் முள்முள்ளாய்க் குத்திட்டு நின்றது.

“மாமா, வானத்திலயும் காந்தம் இருக்கோ?”

இருக்கடா. ஆயிரத்துக்கு மேல் விண்மீன் மண்டலங்கள் கூடிக் கிடக்கும் கோமா கொத்து முழுக்க இருக்கு. பூமியின் காந்தத்தைவிட ஏறக்குறைய லட்சம் மடங்கு மெலிவு, ஆனால் பரப்பு லட்சக்கணக்கான ஒளியாண்டு.

கொத்துகள் மோதும்போது அனல் வாயு கலங்கும். அந்தக் கலக்கம் காந்தக் கோடுகளை ரொட்டி மா மாதிரி இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து வலுவாக்கும்.

சரி, வலுவாக்க முதலில் கொஞ்சமாவது காந்தம் வேணுமே, அந்த முதல் விதை எங்கிருந்து வந்தது?

வெப்பமும் அடர்த்தியும் வேறு வேறு திசையில் மாறும், மின்துகள்களாய்ப் பிரிந்த வாயுவில் மின்னோட்டம் தானே கிளம்பும், அதிலிருந்து காந்தம் பிறக்கும் என்று 1950இல் ஜெர்மன் வானியற்பியலாளர் லுட்விக் பியர்மன் காட்டினார். பெருவெடிப்பை ஒட்டியே விதை விழுந்தது என்போரும் உண்டு.

எனக்குச் சாய்வு பியர்மன் பக்கம்தான். காந்தமே இல்லாத இடத்தில் காந்தம் பிறக்க வெறும் வாயுவே போதுமாம்!