இந்த 3 எதுக்குண்ணா?

"அண்ணா, அக்கவுண்ட்ஸ் மிஷின்ல ஒரு ஸ்க்ரிப்ட் கிடக்குது. நீங்க போட்டதுங்களா?"

"ஞாபகம் இல்லப்பா. பாத்துட்டுச் சொல்றேன்."

பார்ப்பதற்கு என்னிடம் என்ன இருந்தது? அந்த ஆபீஸ் வேலையை விட்டு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. என் இடத்துக்கு வந்த தம்பி ஃபோனில் முதல் இரண்டு வரி படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. சிஸ்டம் தூங்கி எழுந்தால் நெட்வொர்க் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை இறக்கு, மூன்று விநாடி நில், திரும்ப ஏற்று. ஒன்பது வரி. நான் எழுதியதுதான். அப்போது மீட்டிங்கில் இருந்தேன், பக்கத்தில் ஆள் இருந்தார்கள் என்றெல்லாம் பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். நான் பஸ் ஸ்டாப்பில் தனியாக நின்றுகொண்டிருந்தேன்.

அந்த ஸ்க்ரிப்ட் வந்த கதை சின்னது. அக்கவுண்ட்ஸ் அக்கா மதியம் சாப்பிடப் போகும்போது சிஸ்டத்தைத் தூங்க வைத்துவிட்டுப் போவார். பாதி போட்ட பில், திறந்து வைத்த பத்துப் பதினைந்து டேப் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். திரும்பி வந்து எழுப்பினால் திரை வரும், டேப் எல்லாம் இருக்கும், நெட் மட்டும் இருக்காது. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால் கேபிள் சொருகிய இடத்தில் பச்சை விளக்கு ஆடாமல் எரியும். பக்கத்தில் துடிக்க வேண்டிய மஞ்சள் விளக்கு செத்துக் கிடக்கும். வாரத்தில் மூன்று நாள், சில வாரம் ஐந்து நாளும் இதே கதை. அக்கா ரீஸ்டார்ட் போடுவார், பத்து நிமிஷம் போகும், டேப் எல்லாம் போகும்.

அந்த மிஷினில் ஓடுவது லினக்ஸ். அதன் மையமான கெர்னல் எழுதி வைக்கும் லாகில் காரணம் தெரிந்தது. தூங்கப் போகும்போது நெட்வொர்க் கார்டை மின்சாரம் மிகக் குறைந்த நிலைக்குக் கெர்னல் இறக்கிவிடும். எழும்போது டிரைவர் அதை முழு நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி முதலிலிருந்து தயார் செய்ய வேண்டும். இந்த மிஷினில் அந்தக் கார்டு சில சமயம் எழுந்து வரவில்லை. டிரைவரைக் கையால் கழற்றி மாட்டினால் வந்துவிடும். அதைத்தான் ஸ்க்ரிப்டாக எழுதினேன். லினக்ஸில் மற்ற சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டிக்கு அதற்கென்றே ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் இயக்க அனுமதியோடு எது கிடந்தாலும், தூங்கும் முன் 'ப்ரி' என்றும் எழுந்த பின் 'போஸ்ட்' என்றும் சொல்லிக் கூப்பிடும். சிஸ்டம்டி வருவதற்கு முன், பிஎம்-யூட்டில்ஸ் என்ற பழைய கருவியின் காலத்திலும் இதே வேலையை வேறு ஃபோல்டரில் செய்திருக்கிறேன். எனக்கு இது புதிதல்ல.

இப்படிப் போடுகிற ஸ்க்ரிப்ட்களை 'ஹேக்', அதாவது ஒட்டுவேலை, என்றுதான் கருத வேண்டும் என்று சிஸ்டம்டியின் கையேட்டுப் பக்கமே சொல்கிறது. அன்று நான் அதைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் போட்டேன்.

வேறென்ன செய்திருக்க முடியும்? இந்தக் கேள்வியை நான் நேர்மையாகவே கேட்கிறேன். பழைய கெர்னல் ஒன்றில் இந்தக் கோளாறு இல்லை. எந்த மாற்றத்தில் உடைந்தது என்று தேடிப் புகார் எழுதியிருக்கலாம். ஒரு வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பத்தாயிரத்துக்கும் மேல் மாற்றங்கள் இருக்கும். பாதி பாதியாக வெட்டித் தேடினாலும் பதினான்கு தடவை கெர்னலைக் கட்டி, தூங்க வைத்து, எழுப்பிப் பார்க்க வேண்டும். அதுவும் வாரத்தில் இரண்டு நாள் ஒழுங்காக எழுகிற மிஷினில், அக்கா பில் போடுகிற அதே மிஷினில். யார் விடுவார்கள்? என்னைப் போல ஒற்றை ஆளாக ஒரு ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறவர்கள் யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் தூக்கத்தையே நிறுத்தி வைத்திருக்கலாம். செட்டிங்ஸில் ஒரு இடம். திரை மட்டும் அணையட்டும், மிஷின் ஓடட்டும் என்று விட்டிருந்தால் ஒன்பது வரிக்கும் வேலை இல்லை. அது அன்று ஏன் தோன்றவில்லை? தோன்றி, அது ஒரு வேலையாகவே தெரியாது என்று தள்ளிவிட்டேனோ என்று சில ராத்திரிகளில் சந்தேகம் வரும்.

ஸ்க்ரிப்ட் போட்ட அன்று அக்கா கேட்டார்: "இனி வராதுல்ல தம்பி?"

"வராதுக்கா. சரி பண்ணியாச்சு."

கார்டு அப்போதும் எழவில்லை. விழுந்தவுடன் தூக்கி நிறுத்த ஒரு ஆளை வைத்தேன், அவ்வளவுதான். அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? 'கோளாறு அப்படியேதான் இருக்கு, உங்க கண்ணுக்குத் தெரியாம பண்ணியிருக்கேன்' என்றா? அவருக்கு வேண்டியது நெட். அது கிடைத்தது. ஆகவே சொன்னது பொய் இல்லை என்று வாதாடலாம். நான் வாதாடியும் இருக்கிறேன்.

வேலையை விடும்போது நான்கு பக்கத்தில் ஒப்படைப்புக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். ரவுட்டர் பாஸ்வேர்ட், பேக்கப் எங்கே போகிறது, எந்த பிரிண்டரில் பேப்பர் எந்தப் பக்கம் வைத்தால் சிக்கும், யூபிஎஸ் பேட்டரி மாற்றிய தேதி எல்லாம் எழுதினேன். இந்த ஸ்க்ரிப்ட் அதில் இல்லை. மறந்துவிட்டேனா, மறைத்தேனா? பேட்டரி தேதி ஞாபகம் இருந்தவனுக்கு இது மறக்குமா? அதே சமயம், ஒழுங்காக ஓடுகிற ஒன்றை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? இரண்டுமே எனக்கு உண்மையாகப் படுகிறது.

எனக்குப் பிறகு வந்த தம்பி கெட்டிக்காரன். ராத்திரியில் சர்வரே ஒவ்வொரு மிஷினையும் நெட்வொர்க் வழியாக எழுப்பி, பேக்கப் எடுத்துவிட்டுத் தூங்க வைக்கட்டும் என்று ஏற்பாடு செய்தான். அதற்குக் கார்டில் 'எழுப்பும் பாக்கெட் வந்தால் எழு' என்று ஒரு அமைப்பை வைக்க வேண்டும். மிஷின் பூட் ஆகும்போது அதை வைக்கும்படி செய்திருந்தான். டிரைவரை இறக்கி ஏற்றினால் அந்த அமைப்பு போய்விடும். முதல் ராத்திரி அக்கா மிஷின் எழுந்தது. எழுந்ததும் என் ஸ்க்ரிப்ட் ஓடியது, அமைப்பு போனது. மறுநாள் ராத்திரி எழவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி ஒரு தடவை எழும், அடுத்த தடவை எழாது. மூன்று வாரம் அவன் இதோடு மல்லுக்கட்டினான். கேபிள் மாற்றினான், சுவிட்சில் போர்ட் மாற்றினான். கடைசியில் லாகில், ஒவ்வொரு முறை எழும்போதும் டிரைவர் புதிதாக ஏறுவதைப் பார்த்து, அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஃபோல்டர் வரை போய்விட்டான். எழுதியவர் பெயர் இல்லை, ஏன் என்று ஒரு வரி இல்லை. என்னைக் கூப்பிட்டான்.

நான் ஞாபகம் இல்லை என்றேன்.

அன்று பத்தாம் தேதி. என் பதிலைக் கேட்டுவிட்டு, யாருக்கும் தெரியாத, வேலையைக் கெடுக்கிற ஒரு ஃபைல் என்று அவன் அதை அழித்துவிட்டு வீட்டுக்குப் போனான். அவன் இடத்தில் நானும் அழித்திருப்பேன். ராத்திரி மிஷின் எழுந்தது, ஆனால் நெட் வரவில்லை, பேக்கப் நின்றது. காலையில் அக்கா வந்து உட்கார்ந்தார். பதினொன்று, ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு ரிட்டர்ன் போடக் கடைசி நாள். அவர் கூப்பிட்டது தம்பியை இல்லை, என்னைத்தான்.

"தம்பி, பழையபடி வந்துருச்சுங்க. நீங்க அன்னைக்கே சரி பண்ணீட்டீங்கல்ல?"

ரீஸ்டார்ட் போடச் சொன்னேன். நெட் வந்தது. ரிட்டர்ன் மதியத்துக்குள் போய்விட்டது, அபராதம் ஒன்றும் இல்லை. கணக்குப் பார்த்தால் போனது அரை மணி நேரமும் ஒரு ராத்திரி பேக்கப்பும்தான். இதைவிடப் பெரிய தப்பெல்லாம் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அக்கா கேட்ட அந்தக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லவே இல்லை. "ரீஸ்டார்ட் போடுங்கக்கா" என்பது பதில் இல்லையே.

பிறகு தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. நேற்று ஏன் சொல்லவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நான் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல அவன் திரும்ப எழுதினான். கடைசியில், டிரைவர் ஏறிய பிறகு எழுப்பும் அமைப்பை மறுபடி வைக்க ஒரு வரி சேர்த்துக்கொண்டான். இப்போது பத்து வரி. நெட், ராத்திரி பேக்கப் இரண்டும் ஓடும். கோளாறு அப்படியேதான் இருக்கிறது.

"இந்த 3 எதுக்குண்ணா?"

எதற்கு என்று எனக்குத் தெரியாது. அன்று ஒரு விநாடி வைத்துப் பார்த்தேன், வரவில்லை. இரண்டு வைத்தேன், சில தடவை வந்தது. மூன்று வைத்தேன், அதன் பிறகு தவறவில்லை. அந்த மூன்று விநாடியில் கார்டுக்குள் என்ன நடக்கிறது என்று நான் தேடிப் பார்த்ததே இல்லை.

"ரெண்டு பத்தலப்பா."

"சரிங்ண்ணா, அப்படியே எழுதிக்கறேன்."

கீபோர்ட் சத்தம் ஃபோனில் கேட்டது. ஸ்க்ரிப்டின் முதல் வரிக்கு மேலே என் பெயரையும் போட்டுவிட்டதாகச் சொன்னான்.