மகளிர் இரட்டையர் ஸ்கோரில் '10-7' வந்தால்

6-4, 3-6, 10-7. டென்னிஸ் மகளிர் இரட்டையர் முடிவுகளில் இப்படிப் பார்த்தால் குழம்ப வேண்டாம். டபிள்யூடிஏ (மகளிர் டென்னிஸ் சங்கம்) தொடர்களில் இரட்டையருக்கு மூன்றாவது செட் கிடையாது. ஆளுக்கொரு செட் ஆனதும் நேராக மேட்ச் டைபிரேக்தான். 10 புள்ளி எடுக்க வேண்டும், 2 புள்ளி வித்தியாசமும் வேண்டும். 9-9 ஆனால் 11-9, 12-10 என்று நீளும்.

அட்வான்டேஜும் (40-40க்குப் பிறகு இரண்டு புள்ளி முன்னிலை எடுத்தால்தான் கேம் என்ற முறை) இல்லை. 40-40 ஆனால் ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். அந்த சர்வீஸை எந்தப் பக்கம் வாங்குவது என்று ரிசீவ் செய்யும் ஜோடி தேர்வு செய்யலாம். ஆனால் இருவரும் இடம் மாறி நிற்க முடியாது. சர்வ் செய்யும் ஜோடி சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். முழு வேகத்தில் அடித்த முதல் சர்வ் வெளியே போகும், இரண்டாவது மெதுவாக, ஆழமில்லாமல் விழும், ரிட்டர்ன் வலையருகே நிற்பவரின் காலடிக்கே வந்து இறங்கும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து நடுக்கோட்டை ஒட்டி முதல் சர்வைப் போடுவதே நல்லது. எதிராளிக்குக் கோணம் கிடைக்காது, வலையருகே இருப்பவர் குறுக்கே பாய்ந்து வெட்டலாம்.

விம்பிள்டன் போன்ற நான்கு பெரிய தொடர்களான கிராண்ட்ஸ்லாமில் மூன்றாவது செட் முழுதாக உண்டு. 2015 விம்பிள்டன் இறுதியாட்டத்தில் சானியா மிர்சா–மார்ட்டினா ஹிங்கிஸ் கடைசி செட்டில் 2-5 எனப் பின்தங்கியிருந்தார்கள். அங்கிருந்து ஐந்து கேம்களைத் தொடர்ந்து எடுத்து, மகரோவா–வெஸ்னினா ஜோடியை 5-7, 7-6 (4), 7-5 என வென்றார்கள். கிராண்ட்ஸ்லாம் மகளிர் இரட்டையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் சானியாதான். டைபிரேக்கில் இப்படி மீண்டு வர அவகாசமே இருக்காது. மூன்றாவது செட்டை எல்லாத் தொடர்களிலும் திரும்பக் கொண்டுவர வேண்டும்!