புதன்கிழமை நான்காவது பீரியட்

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கூட்டல் மனப்பாடம். பொதுத்தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. கடைசிப் பகுதியில் செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்த்து 16. ஆக 30. இன்னும் ஐந்தை எங்காவது தேற்றிவிட்டால் 35, பாஸ். ஜனவரியிலிருந்து மாலைச் சிறப்பு வகுப்பு வைத்து இதையே திரும்பத் திரும்பப் போடவைத்தால் தேர்ச்சி விகிதம் ஏறத்தான் செய்யும். இதை நான் குறைசொல்ல மாட்டேன். எங்கள் திருவொற்றியூர் பக்கம் பத்தாவதில் ஃபெயிலான பையன் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டால், துணைத்தேர்வு எழுத அவனைத் தேடிப்பிடிப்பதே பெரும்பாடு.

ஆனால் அந்த ஏற்றம் நிற்பதில்லை. ஓடியாடி வேலை வாங்கிய தலைமையாசிரியர் மாறுதல் கலந்தாய்வில் வேறு ஊருக்குப் போவார், அடுத்த வருஷமே ரிசல்ட் சரியும். பள்ளி முன்னேறியதாக நாம் நினைத்தது உண்மையில் ஒரு மனிதரின் உழைப்பு. அவரோடு அதுவும் போய்விடுகிறது.

எங்கள் பள்ளிக்கு அப்புறம் வந்த தலைமையாசிரியை புதுத் திட்டம் எதையும் அறிவிக்கவில்லை. கால அட்டவணையில் ஒரே ஒரு மாற்றம் செய்தார். கணக்கு ஆசிரியர்கள் மூவருக்கும் புதன்கிழமை நான்காவது பீரியட் ஃப்ரீ. “மூணு பேரும் சேர்ந்து உட்காருங்க. பிள்ளைங்க நோட்டும் விடைத்தாளும் மேசையில இருக்கணும். அந்த நேரத்துல எமிஸ் இணையதளத்துல மாணவர் விவரப் பதிவோ வேற கிளாஸோ உங்களுக்குத் தர மாட்டேன்” என்றார். சொன்னபடியே நடந்துகொண்டார். ஆசிரியர் வராத வகுப்புக்கு அந்த பீரியடில் அவரே போய் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படி உட்கார்ந்த ஒரு புதன்கிழமை. ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்கள். 302இலிருந்து 147ஐக் கழிக்க வேண்டும், விடை 155. தாளுக்குத் தாள் வேறு வேறு கையெழுத்தில் 245 என்று இருந்தது. காப்பி அடித்திருப்பார்கள் என்று முதலில் பேச்சு வந்தது. ஆறாம் வகுப்பு எடுக்கும் டீச்சர்தான் தாளைத் திருப்பிக் காட்டினார்: “இல்ல சார். ஏழுல ரெண்டு போனா அஞ்சு, நாலுல சைபர் போனா நாலு. எந்த வரிசையில இருந்தாலும் பெருசுலேருந்து சின்னதைக் கழிச்சிருக்காங்க பாருங்க.” அது கவனக்குறைவே இல்லை. கீழ் வகுப்பிலேயே தானாக ஒரு விதி செய்துகொண்டு, அதைப் பிசகாமல் பின்பற்றி வந்திருக்கிறார்கள். அதே விதிதான் பத்தாவதில் 2x − 7x என்பதை 5x ஆக்குகிறது. பல்லுறுப்புக் கோவைக்கு நீள் வகுத்தல் முறையில் வர்க்கமூலம் காணும்போது அந்த ஒரு குறி மாறினால் கணக்கு முழுக்கப் போச்சு. நாமோ பத்தாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு வர்க்கமூலத்தைத் திரும்பத் திரும்ப நடத்துகிறோம்.

டீச்சர் ஆறாம் வகுப்பில் இதைப் பணமாக வைத்தார். மூன்று நூறு ரூபாய் நோட்டு, இரண்டு ஒரு ரூபாய் நாணயம். 147 ரூபாய் தரணும், எப்படித் தருவாய்? மீன் விற்கும் அம்மாவோடு கடையில் உட்கார்ந்து பழகிய பெண் உடனே சொன்னாள்: “நூறை மாத்தணும் மிஸ்.” கடன் வாங்கிக் கழிப்பதன் சாரமே அதுதானே.

இப்படிக் கண்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்தோம். எந்த வகுப்பில், என்ன பிழை, எதைச் செய்தபோது சரியானது. மூவரில் ஒருவர் மாறுதலில் போனார். அவரிடத்துக்கு வந்தவர் சேர்ந்த வாரமே அந்த நோட்டைப் படித்துவிட்டு எங்களோடு உட்கார்ந்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். இந்தப் பக்கமெல்லாம் தண்ணீர், எண்ணூரில் எண்ணெய்க் கசிவு வேறு. பள்ளிகளுக்கு விடுமுறை, அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. வகுப்பு மறுபடி தொடங்கியபோது எதை முதலில் நடத்துவது, எதைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம் என்று முடிவெடுக்க எங்களுக்கு அந்த நோட்டு போதுமானதாக இருந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இதைப் பேச ஆரம்பித்தோம். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றியெல்லாம் நன்றாகப் பேசுவார்கள், படிப்பு என்று வந்தால் மட்டும் “உங்களுக்குத் தெரியாததா சார்” என்று ஒதுங்கிவிடுவார்கள். 245 கதையைச் சொன்னதும் ஓர் அம்மா தன் பெண்ணின் நோட்டை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

அந்தத் தலைமையாசிரியை ஓய்வுபெற்றுவிட்டார். புதன்கிழமை நான்காவது பீரியட் இன்னும் அட்டவணையில் இருக்கிறது, வந்தவரும் அதைத் தொடவில்லை. தமிழ் ஆசிரியர்களும் தங்களுக்கு ஒரு பொது பீரியட் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். சிக்கல் அறிவியலுக்குத்தான். இப்போதைக்கு ஒரே ஒரு அறிவியல் ஆசிரியர் இருக்கிறார், அவர் யாரோடு உட்காருவார்? பக்கத்துப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களோடு மாதம் ஒருமுறையாவது அவர் உட்கார வழி செய்யலாமா என்று இரண்டு தலைமையாசிரியர்களிடமும் கேட்டிருக்கிறோம். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த அட்டவணை போடுவதற்குள் மறுபடி கேட்கணும்.