ஒரே கணக்கில் ஓர் அறுவை சிகிச்சை

அமெரிக்காவில் பெரும்பாலும் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டம், மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு நோயின் வகையைப் பொறுத்து ஒரு நிலையான தொகையை வழங்கும் முறையை 1983இலேயே ஏற்றுக்கொண்டது. எனினும் அறுவை மருத்துவரின் கட்டணம், பிசியோதெரபி, செவிலியர் பராமரிப்பு இல்லத்தில் தங்கும் செலவு ஆகியவை தனித்தனி பில்களாகவே இருந்துவந்தன. இவற்றையெல்லாம் ஒரே கணக்கில் சேர்த்து, முன்கூட்டியே ஓர் இலக்குத் தொகையை வைத்து, செலவு அதற்குள் அடங்கினால் மிச்சத்தில் மருத்துவமனைக்குப் பங்கு தருவதும், மீறினால் அதனிடமிருந்தே ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவதும்தான் தொகுப்புக் கட்டண முறை. (மொத்தப் பணமும் முதலிலேயே கைக்கு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம், பில்கள் வழக்கம்போலவே பட்டுவாடா ஆகும், கணக்கை நேர் செய்வது பிற்பாடுதான்.)

2016 ஏப்ரலில், இடுப்பு மற்றும் முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கு, 67 பெருநகரப் பகுதிகளில் இம்முறை கட்டாயமாக்கப்பட்டது. நோயாளி மருத்துவமனையிலிருந்து வெளியேறிய பின் 90 நாட்கள் வரையிலான செலவுக்கு மருத்துவமனையே பொறுப்பேற்றது. மிச்சப்பட்ட பணத்தில் பெரும்பகுதி, நோயாளிகளைப் பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பாமல் நேரே வீட்டுக்கு அனுப்பியதால் வந்தது. அதனால் சிக்கல்கள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்றே தொடக்க ஆய்வுகள் காட்டின. அப்படி அனுப்புவதற்கு அறுவைக்கு முன்பே ஆயத்தம் தேவை: படுக்கையைத் தரைத்தளத்துக்கு மாற்ற வேண்டும், கழிப்பறையில் கைப்பிடி பொருத்த வேண்டும், படி ஏறும்போது நல்ல காலையும் இறங்கும்போது அறுவை செய்த காலையும் முதலில் வைக்கப் பழக்க வேண்டும். நல்ல மாற்றம்தான். ஆயினும் இரவில் எழுந்து கைத்தாங்கலாக நடத்திச் செல்லும் மனைவியின் உழைப்போ, வேலைக்கு விடுப்பெடுக்கும் மகளின் சம்பள இழப்போ எந்த இலக்குத் தொகையிலும் இடம்பெறுவதில்லை என்பது என் நெடுநாள் குறை.

2026 ஜனவரியில் மெடிகேர் இதே தொகுப்புக் கட்டண முறையில் தொடங்கிய 'டீம்' திட்டம் மூட்டு மாற்று, இடுப்பு எலும்பு முறிவு, முதுகெலும்பு இணைப்பு, இதய பைபாஸ், பெருங்குடல் உள்ளிட்ட குடல் பகுதிகளில் செய்யும் பெரிய அறுவை என ஐந்து வகைகளை உள்ளடக்குகிறது. பொறுப்புக் காலமோ 30 நாட்களாகச் சுருங்கிவிட்டது. காலம் நீண்டால் அறுவைக்குத் தொடர்பில்லாத செலவுகளும் கணக்கில் புகுந்துவிடும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் செயற்கை மூட்டில் ஏற்படும் ஆழமான கிருமித்தொற்றைக் கண்டறிய அந்நாட்டின் தொற்றுக் கண்காணிப்பு விதிகளே 90 நாட்கள் பார்க்கச் சொல்கின்றன. ஆகவே இத்திட்டத்தை மதிப்பிடும்போது, 31ஆம் நாள் முதல் 90ஆம் நாள் வரை மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்படுவோரின் எண்ணிக்கையைத்தான் நான் முதலில் தேடுவேன்.