எலிஸ் மெர்டென்ஸ்

2017 ஜனவரி. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் நடந்த டென்னிஸ் போட்டியில் தகுதிச்சுற்றிலிருந்து முட்டி மோதி அரையிறுதி வந்துவிட்டார் பெல்ஜிய வீராங்கனை எலிஸ் மெர்டென்ஸ். அதே நேரம் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன் தகுதிச்சுற்று. இரண்டில் ஒன்றுதான் ஆட முடியும். டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களில் ஒன்றான ஆஸ்திரேலிய ஓப்பனை விட்டார், ஹோபார்ட் கோப்பையை வென்றார். நானாக இருந்தால் மெல்போர்னுக்கு ஓடியிருப்பேன்.

மறு வருடமும் ஹோபார்ட் பட்டம். அப்புறம் மெல்போர்ன் காலிறுதியில் உக்ரைனின் ஸ்விடோலினாவை 6-4, 6-0 என்று வீட்டுக்கு அனுப்பி அரையிறுதி!

உலகத் தரவரிசையில் ஒற்றையரில் அதிகபட்சம் 12ஆம் இடம். இரட்டையரில் நம்பர் ஒன். நம்ம ஆட்கள் இரட்டையர் ஸ்கோரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அது வேறு கதை. 2021 விம்பிள்டன் இரட்டையர் இறுதியில் தைவானின் ஷேயோடு சேர்ந்து ரஷ்யாவின் குடெர்மெடோவா ஜோடியை வீழ்த்தினார், அதுவும் இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி என்ற மேட்ச் பாயின்ட்டுகளைக் காப்பாற்றி. 2025இல் அதே குடெர்மெடோவாவோடு ஜோடி சேர்ந்து, அதே ஷேயைத் தோற்கடித்து மறுபடி விம்பிள்டன்!